சாவி யார் கையில்?

ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி.

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. "தேங்காய் தீர்ந்து போய்விட்டது" என்று சமையல் அறையில் இருந்து அம்மா குரல் கொடுக்கிறாள்.

பத்திரிகை படித்துக்கொண்டு இருக்கும் அப்பா தலையை நிமிர்த்தவில்லை. சுவரில் ஆணியில் தொங்கும் சாவியைக் கையால் காட்டுகிறார்.

"தம்பி! வண்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு ஓடி வா."

தம்பிக்கு வயது 15. பத்தாம் வகுப்பு படிக்கிறான். மீசை இன்னும் அரும்பவில்லை. சாவி கைக்கு வந்ததும் அவன் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தலைக்கவசம் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. "இங்கே இருக்கிற கடைக்கு அது எதற்கு?" என்று அப்பாவே சொல்லிவிடுகிறார்.

வண்டி சீறிக்கொண்டு போகிறது. தெருமுனையில் திரும்பும்போது ஒரு சாய்ப்பு. பக்கத்து வீட்டுக்காரர் வியந்து பார்க்கிறார்.

"பையன் நன்றாக ஓட்டுகிறானே!"

"அவனா? ஏழாம் வகுப்பிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டான்" என்கிறார் தந்தை. அவர் குரலில் பெருமை பொங்குகிறது.

பத்து நிமிடத்தில் தேங்காய் வந்து சேர்ந்துவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரும். இப்படி நூறு ஞாயிற்றுக்கிழமை பையன் பத்திரமாகத் திரும்பி வருவான். அதனால்தான் நூற்று ஒன்றாவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை.

இது ஏதோ ஒரு வீட்டில் நடக்கிற காரியம் அல்ல. தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

திருவாரூர் வீதியிலே...

வண்டி ஓட்டிய பையனையும் அவனுடைய தகப்பனாரையும் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு பழைய கதை உண்டு. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அதை ஒரு சாலை விபத்தின் கதையாக யாரும் நினைத்துப் பார்ப்பது இல்லை.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் ஆட்சி. அவனுடைய ஒரே மகன் வீதிவிடங்கன். ஒரு நாள் இளவரசன் தேரில் ஏறி ராஜவீதி வழியே போனான். எங்கிருந்தோ ஒரு கன்றுக்குட்டி துள்ளி ஓடி வந்தது. தேர்க்காலில் சிக்கியது. அந்த இடத்திலேயே இறந்தது.

தாய்ப்பசு கதறியது. அரண்மனை வாசலுக்கு ஓடியது. அங்கே தொங்கிய ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்தது.

மன்னன் வெளியே வந்தான். விவரம் கேட்டான். மந்திரிகள் சமாதானம் சொன்னார்கள். இளவரசர் வேண்டும் என்று செய்யவில்லை, கன்றுதான் குறுக்கே வந்து விழுந்தது, பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள்.

மன்னன் கேட்கவில்லை. "இந்தப் பசுவின் துயரம் எனக்கும் வர வேண்டும்" என்று முடிவு செய்தான். மகனை வீதியில் கிடத்தித் தேரை அவன் மேல் ஓட்டும்படி மந்திரிக்குக் கட்டளை இட்டான். அந்தப் பாவத்தைச் செய்ய மனம் வராமல் மந்திரி தன் உயிரையே விட்டான். மன்னன் தானே தேரில் ஏறினான். மகன் மீது ஓட்டினான்.

பிறகு சிவபெருமான் தோன்றினார். கன்று எழுந்தது. மந்திரி எழுந்தான். மகனும் எழுந்தான். இது சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாறு. திருவாரூரில் இன்றும் இந்தக் கதையைச் சொல்லும் கல்தேர் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்து இருக்கிறார்கள்.

மந்திரிகள் சொன்ன சமாதானத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "வேண்டும் என்று செய்யவில்லை." "அதுதான் குறுக்கே வந்தது." ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் போலீஸ் நிலையத்தில் சொல்லப்படும் வார்த்தைகள் இவைதானே! மன்னன் அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. ஓட்டுகிறவன் இளவரசன் என்பதற்காகவும் விட்டுவிடவில்லை.

கதையில் இறந்தவர்கள் எழுந்தார்கள். தேசிய நெடுஞ்சாலையில் இறந்தவர்கள் எழுந்ததாகச் செய்தி இல்லை.

தகப்பனாருக்கும் சிறை!

மகன் ஓட்டிய வண்டிக்குத் தகப்பனார் பொறுப்பா? "பொறுப்புத்தான்" என்று சட்டம் இப்போது சொல்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ம் ஆண்டில் வந்தது. 2019-ம் ஆண்டில் அதில் பெரிய திருத்தம் செய்தார்கள். அந்தத் திருத்தத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. 18 வயது ஆகாத பையனோ பெண்ணோ உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளி ஆவார். அவருக்கு 3 ஆண்டு வரை சிறை. 25 ஆயிரம் ரூபாய் அபராதம்.

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொன்னால் மட்டும் போதாது. தெரியாது என்பதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. அந்த வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து ஆகும். பையனுக்கு 25 வயது ஆகும்வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பட்டணத்தில் வேலை கிடைத்து, ஊர் ஊராகப் போக வேண்டிய வயதில் அவன் பஸ்சுக்குக் காத்து நிற்க வேண்டியதுதான்.

இன்சூரன்சு விஷயத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. உரிமம் இல்லாதவன் ஓட்டி ஒருவர் அடிபட்டால், அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்த கம்பெனி அந்தப் பணத்தை வண்டிச் சொந்தக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். நஷ்டஈடு ஆயிரம், இரண்டாயிரம் அல்ல. லட்சக்கணக்கில் வரும். ஆயுள் முழுவதும் உழைத்துக் கட்டிய வீடு இரண்டு தேங்காய்க்காகப் போய்விடும்.

"16 வயதில் லைசென்ஸ் உண்டாமே!" என்று சிலர் கேட்பார்கள். உண்டு. ஆனால் அது கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத சிறிய வண்டிக்கு மட்டும்தான். அதற்கும் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.க்கு மேற்பட்டவை. அவற்றுக்கு 18 வயது முடிந்து இருக்க வேண்டும்.

அரை மணிக்கு ஓர் உயிர்

2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் நடந்த சாலை விபத்துகள் 4 லட்சத்து 61 ஆயிரத்து 312. இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இது மத்திய அரசாங்கமே வெளியிட்ட கணக்கு.

அந்த ஆண்டில் அதிக விபத்து நடந்த மாநிலம் எது? தமிழ்நாடு! மொத்தம் 64 ஆயிரத்து 105 விபத்துகள். மாண்டவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். சாவுக் கணக்கில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

அந்தப் பெரிய எண் மனதில் பதியாது. வகுத்துப் பார்த்தால் புரியும். ஒரு நாளைக்கு 49 பேர். ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு ஒருவர். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் தமிழ்நாட்டில் எங்கோ ஒரு வீட்டில் ஒப்பாரி கிளம்பிவிடுகிறது.

இறந்தவர்கள் யார்? காரில் போன பணக்காரர்கள் என்று நினைத்தால் தவறு. 2022-ல் நாடு முழுவதும் மாண்டவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் வயதில் இருந்தவர்களே அதிகம்.

காரணம்? இறந்தவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் அதிவேகத்தால் மாண்டார்கள் என்று அதே கணக்கு கூறுகிறது. பனி, மழை, பள்ளம், பிரேக் கோளாறு எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

பனைமரத்தில் இருந்து விழுந்தால்...

வேகம் என்றால் என்ன என்பது வண்டி ஓட்டும் பலருக்கே சரியாகத் தெரியாது. முள் 60-ல் நிற்கிறது. "மெதுவாகத்தான் போகிறேன்" என்று நினைக்கிறார்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 55 அடி போய்விடும். ஒரு விநாடி என்பது "ஐயோ!" என்று சொல்லும் நேரம்.

ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வருகிறது. அதைக் கண் பார்க்க வேண்டும். மூளைக்கு எட்ட வேண்டும். கையும் காலும் பிரேக்கைத் தொட வேண்டும். இதற்கு எவ்வளவு கெட்டிக்காரருக்கும் ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். பிரேக் பிடிப்பதற்கு முன்பே 55 அடி போய்விட்டது! அதன்பிறகு பிரேக் பிடித்து, நல்ல காய்ந்த சாலையில் வண்டி நிற்பதற்கு இன்னும் 65 அடி ஆகும். ஆக மொத்தம் 120 அடி.

40 கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தால் சுமார் 65 அடிக்குள் வண்டி நின்று இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் என்றால் சுமார் 190 அடி வேண்டும். வேகம் இரண்டு மடங்கு ஆகும்போது, பிரேக் பிடித்த பின் வண்டி ஓடுகிற தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. மழை பெய்து சாலை வழுக்கினால் அதுவும் போதாது. டயர் தேய்ந்து இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நிற்கவில்லை, மோதிவிட்டது என்றால்?

அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, 20 அடி உயர மாடியில் இருந்து தரையில் விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, 46 அடிப் பனைமரத்தின் உச்சியில் இருந்து விழுவதற்குச் சமம். 80 கிலோமீட்டர் என்றால் எட்டு மாடிக் கட்டிடத்தின் மேல் இருந்து விழுவதுபோல.

பனைமரத்தில் ஏறுகிறவர் இடுப்பிலும் காலிலும் கயிறு கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பார்த்து ஏறுகிறார். அவருக்கு உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. வண்டியில் போகிறவருக்குத் தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இவ்வளவு அபாயத்தை விலைக்கு வாங்கி என்ன லாபம்? 15 கிலோமீட்டர் தூரம் போக, 60 கிலோமீட்டர் வேகத்தில் 15 நிமிடம் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். மிச்சம் நான்கு நிமிடம்கூட இல்லை. அதுவும் வழியில் சிக்னலும் கூட்டமும் இல்லாவிட்டால்தான்! போய்ச் சேர்ந்த இடத்தில் அரை மணி நேரம் டீக்கடையில் நின்று பேசுகிறவர்களும் இந்த நான்கு நிமிடத்துக்காகத்தான் பறக்கிறார்கள்.

ஒரு வீரனின் மரணம்

அலமாரியின் மேல் கிடக்கும் தலைக்கவசத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒரு புகழ்பெற்ற மனிதரின் சாவில் இருந்து தொடங்குகிறது.

டி.இ.லாரன்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் அரபு நாட்டுப் பாலைவனத்தில் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டவர். "லாரன்ஸ் ஆப் அரேபியா" என்று 1962-ம் ஆண்டில் வந்த படம் இவரைப் பற்றியதுதான். துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே வாழ்ந்து உயிரோடு திரும்பியவர்.

அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். வேகம் என்றால் அதைவிட உயிர். 1935-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி, இங்கிலாந்தில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சாலையில் மோட்டார் சைக்கிளில் போனார். பள்ளமான இடத்தில் சைக்கிளில் போய்க்கொண்டு இருந்த இரண்டு பையன்கள் கடைசி நேரத்தில்தான் கண்ணில் பட்டார்கள். அவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த காயம். தலைக்கவசம் அணிந்து இருக்கவில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து, மே 19-ந் தேதி இறந்தார். வயது 46.

அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். மூளை அறுவை நிபுணர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அந்தச் சாவு அவரை உலுக்கிவிட்டது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலையில் அடிபட்டு இறப்பதை அவர் ஆராயத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, தகவல் கொண்டுபோகும் ராணுவ வீரர்கள் பலர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துகொண்டு இருந்தார்கள். அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியை 1941-ம் ஆண்டில் கெய்ர்ன்ஸ் வெளியிட்டார். தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு அடி குறைவு என்பதைக் காட்டினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தலைக்கவசத்தைக் கட்டாயம் ஆக்கியது. பொதுமக்களுக்கு அங்கே கட்டாயம் ஆனது 1973-ம் ஆண்டில்தான். அதைப் பார்க்க கெய்ர்ன்ஸ் உயிரோடு இல்லை.

நல்ல தலைக்கவசம், தலையில் காயம் படும் அபாயத்தை 100-க்கு 70 அளவுக்குக் குறைக்கிறது. சாகும் அபாயத்தை 100-க்கு 40 அளவுக்குக் குறைக்கிறது. இது பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட முடிவு.

தமிழ்நாட்டில் ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2015-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் தலைக்கவசம் கட்டாயம் என்று கண்டிப்பாக அமல் நடத்தினார்கள். அன்று கடைகளில் தலைக்கவசத்துக்கு அலைமோதிய கூட்டம் நினைவு இருக்கும். ஆனாலும் 2022-ல் இந்தியாவில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50 ஆயிரம் பேருக்கு மேல். அவர்களில் 14 ஆயிரம் பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

தலைக்கவசத்தை வாங்கினால் போதுமா? அது முழங்கையில் தொங்குகிறது. பெட்ரோல் டாங்கியின் மேல் உட்கார்ந்து சவாரி செய்கிறது. தூரத்தில் போலீஸ்காரர் தொப்பி தெரிந்ததும் அவசரமாகத் தலைக்கு ஏறுகிறது. அவரைத் தாண்டியதும் இறங்கிவிடுகிறது. போலீஸ்காரருக்காக அணிகிற பொருளாக அது ஆகிவிட்டது! சிலர் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். தாடைக்குக் கீழ் வாரைப் பூட்டுவது இல்லை. விழுகிறபோது தலைக்கவசம் ஒரு பக்கம் உருளும். தலை ஒரு பக்கம் உருளும்.

பின்னால் உட்காரும் பெண்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எத்தனையோ பேரைக் கீழே இழுத்து இருக்கின்றன. ஏறி உட்கார்ந்ததும் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு விநாடி போதும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பையையும் பிடித்துக்கொண்டு போகிற தாய்மாரைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றிக்கொண்டு போனால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023-ம் ஆண்டு பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. அப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

குடியும் செல்போனும்

குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியது இல்லை. அது தவறு என்று குடிக்கிறவருக்கே தெரியும். முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கல்யாண வீட்டுக்கு வந்த உறவினர் தள்ளாடிக்கொண்டு வண்டியை எடுக்கும்போது, "பார்த்துப் போ, மாமா" என்று சொல்லி வழி அனுப்புகிறார்களே, அவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். பார்க்க முடிந்தால் அவர் ஏன் தள்ளாடுகிறார்? சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பாயை விரித்துப் போட்டால் காலையில் கும்பிட்டுவிட்டுப் போவார்.

செல்போன் புதிய குடி. இரண்டு விநாடி குனிந்து பார்த்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 110 அடி தூரம் கண் இல்லாமல் ஓடி இருக்கும். வண்டியில் போகிறவருக்கு ஓயாமல் போன் செய்யும் மனைவிமாரும் அலுவலக அதிகாரிகளும் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. அவர் எடுக்கவில்லை என்றால் கோபப்படக் கூடாது. எடுத்தால்தான் கோபப்பட வேண்டும்.

அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு

எல்லாப் பழியையும் ஓட்டுகிறவர் தலையில் போட்டுவிட்டு அரசாங்கம் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைகள் இரவில் கண்ணுக்குத் தெரிவதில்லை. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மாதக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. நான்கு வழிச்சாலை ஊரை இரண்டாகப் பிளந்து போகிறது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், நடுவில் கடக்க வழி இல்லை. கிழவியும் குழந்தையும் நடுச்சுவரை ஏறிக் குதிக்கிறார்கள். அவர்கள் குதிக்கும் இடத்தில் லாரிகள் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. அங்கே ஒரு சுரங்கப்பாதை கட்ட எத்தனை சாவு நடக்க வேண்டும்?

நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016-ம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் மது விற்பது அரசாங்கமே. ஆயிரக்கணக்கான கடைகளை மூட வேண்டி வந்தது. மறு ஆண்டே, நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை இல்லை என்று விலக்கு கிடைத்துவிட்டது. ஒரு கையால் மதுவை விற்றுவிட்டு, மறு கையால் ஊதிப் பார்க்கும் கருவியை நீட்டுவது என்ன நியாயமோ தெரியவில்லை.

தனியார் பஸ்களின் போட்டியும் கண்டிக்கத் தக்கது. முன்னால் போகும் பஸ்சை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்தில் பிரயாணிகள் கிடைப்பார்கள். கலெக்ஷனைப் பொறுத்து டிரைவருக்குப் படி. இந்த முறை இருக்கும்வரை டிரைவரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. முதலாளியையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

கவனக்குறைவாக ஓட்டி உயிரைப் போக்கினால் பழைய சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறைதான். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அது 5 ஆண்டு வரை ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் தண்டனை வருவது சாவுக்குப் பிறகு. வேகத்தைப் பிடிக்கும் கேமராவும் நல்ல விளக்கும் சாவுக்கு முன்பே வேலை செய்கின்றன.

முதல் ஒரு மணி நேரம்

விபத்து நடந்துவிட்டது. ஒருவர் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறார். சுற்றிலும் கூட்டம். பாதிப் பேர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். மீதிப் பேர் "நமக்கு ஏன் வம்பு? போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும்" என்று ஒதுங்குகிறார்கள்.

அந்தப் பயத்துக்கு இப்போது இடம் இல்லை. உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ம் ஆண்டு மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்தில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியது இல்லை. அங்கே காத்து நிற்க வேண்டியது இல்லை. பணம் கட்டு என்று அவரிடம் கேட்க முடியாது. சாட்சி சொல்ல விரும்பினால்தான் சாட்சி.

108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்சு இலவசமாக வரும். 2008-ம் ஆண்டில் இருந்து தமிழ்நாட்டில் இந்த வசதி இருக்கிறது. அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் பிழைக்கக்கூடியவர்கள் பலர். அந்த நேரத்தில் பணத்தைப் பற்றி யாரும் யோசிக்கக் கூடாது என்பதற்காகவே, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசாங்கம் ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021-ம் ஆண்டு டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். ஏழையா, பணக்காரரா, எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி இதில் கிடையாது.

இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி எது என்று தெரியாவிட்டாலும் குடும்பம் திக்கற்றுப் போக வேண்டியது இல்லை. 2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயம் அடைந்தவருக்கு 50 ஆயிரம் ரூபாயும் கிடைக்கும். கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

பள்ளிக்கூட வாசலில்...

மறுபடியும் அந்தப் பதினைந்து வயதுப் பையனிடம் வருவோம்.

பல பள்ளிக்கூடங்களில் மாணவர்கள் மோட்டார் வண்டியில் வரக்கூடாது என்று தடை இருக்கிறது. பையன்கள் கெட்டிக்காரர்கள்! அடுத்த தெருவில், டீக்கடை ஓரத்தில், வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். தலைமை ஆசிரியர் ஒரு நாள் மாலையில் வாசலைத் தாண்டி நூறு அடி நடந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு வண்டியில் மூன்று பேர். சில சமயம் நான்கு பேர். ஒருவன் தலையிலும் கவசம் இல்லை. நேரே போகத் தெரியாமல் பாம்புபோல வளைந்து வளைந்து ஓட்டுகிறார்கள். இளங்கன்று பயம் அறியாது என்பது பழமொழி. கன்றுக்குட்டியே தேரை ஓட்டினால் என்ன ஆகும்?

பெற்றோரிடம் கேட்டால் அவர்களும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். விடியற்காலை ஆறு மணிக்கு டியூஷன். எட்டுக் கிலோமீட்டர் தூரம். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. கொண்டுபோய் விட அப்பாவுக்கு நேரம் இல்லை. என்ன செய்வது என்கிறார்கள். இது பொய் அல்ல. பையனுக்கு வண்டியைக் கொடுக்கும் தகப்பனார்கள் எல்லோரும் பொறுப்பு இல்லாதவர்கள் அல்ல. டியூஷன் நடத்துகிறவர்கள் கொஞ்சம் நேரத்தை மாற்றலாம். போக்குவரத்துக் கழகம் காலையில் ஒரு பஸ் விடலாம். ஒரே தெருவில் ஐந்து பையன்கள் போனால், ஐந்து வீட்டாரும் சேர்ந்து ஓர் ஆட்டோவுக்கு மாதச் சம்பளம் பேசலாம். எத்தனையோ ஊர்களில் சின்னக் குழந்தைகளை அப்படித்தானே அனுப்புகிறார்கள்!

ஆனால் தேங்காய்க் கடைக்கு அந்த நியாயம் பொருந்தாது. கடை நான்காவது தெருவில் இருக்கிறது.

அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிளஸ்-1 மாணவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. அந்த வீட்டிலும் அக்காவுக்குக் கிடைத்த சைக்கிள் ஒன்று திண்ணை ஓரத்தில் நிற்கிறது. அக்கா கல்லூரிக்குப் போய்விட்டாள். சைக்கிளின் மேல் துணி காய்கிறது. பின்சக்கரத்தில் காற்று இல்லை.

காற்று அடிக்கும் பம்பு பக்கத்து வீட்டில் இருக்கிறது.